வழி வைக்காத சுவர்

கரிப்பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள் நவமணி. நோட்டுப் புத்தகம் இல்லை. இன்னொரு தடவை துழாவினாள். சிலந்தி வலையும் கரித்தூளும்தான் கையில் ஒட்டின.

தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சபாரத்தினம் வீட்டின் பின்புறம், துணி துவைக்கும் கொட்டகையில், யாரும் கை வைக்காத இடம் அது ஒன்றுதான். அந்த வீட்டில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்கு முன் பத்தாங் பெர்ஜுந்தாய் ஊர்ப் பள்ளியில், தமிழ்ப் பள்ளி முடித்தவர்கள் மலாய்க்குப் பழகும் ரிமூவ் வகுப்பில் படித்தாள். ஆசிரியை கேட்ட கேள்விக்கு மலாயில் பதில் தெரிந்திருந்தும் வாய் திறக்காமல் நின்றே ஒரு வருடத்தைக் கழித்தாள். பிறகு போவதை நிறுத்திவிட்டாள். பேச முடியாததையெல்லாம் நோட்டில் எழுதினாள், வரைந்தாள். தொழிலாளர் லயத்து வீட்டில் வைத்தால் தம்பிகள் கிழித்துக் கப்பல் விடுவார்கள் என்று இங்கே ஒளித்து வைத்திருந்தாள்.

பெட்டியின் மேல் ஒரு துண்டுத் தாள் கிடந்தது. கிராணி மகள் சரோஜினியின் கையெழுத்து.

‘நவமணி, உன் நோட்டை எடுத்துக்கொண்டேன். கோபிக்காதே. முழுவதும் படித்துவிட்டேன். இதற்கு மேல் டிவி முன்னால் யார் உட்காருவது? உன் குகைக்குள் இப்போதே போகிறேன். நீ ஒளித்து வைத்த சாவியோடுதான் வருவேன். அம்மாவிடம் சொல்லாதே. மணி இரண்டு. சரோ.’

கொட்டகைக்கு வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் மூன்றரை மணி அடித்தது.

கதை தொடங்கியது ஒரு கேம் கேசட்டில். சரோஜினியின் மாமா கோலாலம்பூரிலிருந்து டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரே ஒரு கேம். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து, ஒன்றும் புரியாது. கையில் வாள் வைத்த ஒரு குட்டி மனிதன் பாதாளக் குகைகளுக்குள் அறை அறையாகப் போவான். சரோஜினி அவனை ஒரு வாரம் செத்துச் செத்துப் பிழைக்க வைத்தாள். தரை துடைத்தபடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த நவமணி, ஈரத் தரையில் விரலால் கட்டம் போட்டுப் பார்த்தாள். ஓர் அறைக்கு ஒரு கட்டம். எல்லாக் கட்டமும் நிறைந்த பிறகு நட்டநடுவில் ஒன்று மட்டும் காலியாக நின்றது.

“அக்கா,” என்றாள். அந்த வீட்டில் அவளாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. “அந்த ரூமுக்கு இந்தாண்ட இன்னொரு ரூமு இருக்கணும்.”

“அங்க வெறும் சுவருதானே?”

“இல்லாட்டி எதுக்கு நடுவுல ஒரு எடத்த விட்டு வச்சிருக்கான்?”

சரோஜினி வெடிகுண்டு வைத்தாள். சுவர் திறந்தது. உள்ளே சாவி.

அன்றிலிருந்து ஒருத்தி விளையாட, ஒருத்தி வரைந்தாள். குகையைக் கட்டினவனின் மூளை எப்படி வேலை செய்கிறது என்பது நவமணிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. அவன் முதலில் பூட்டிய கதவைக் காட்டுவான். சாவியை வெகுநேரம் கழித்துத்தான் தருவான், அதுவரை அந்தக் கதவு மனதை அரிக்கும். கல்லைத் தள்ளக் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால் முதலில் ஆபத்தில்லாத அறையில் ஒற்றைக் கல்லை வைப்பான். கற்ற பிறகு அதே கல்லை நெருப்புக்கு நடுவில் வைப்பான். சில கதவுகள் உள்ளே போனதும் பின்னால் மூடிக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நவமணி தரை துடைக்கும் துணியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். சரோஜினி சிரிப்பாள்.

“பயந்தாங்கொள்ளி! இத செஞ்ச ஆளு நம்மள சும்மா சாகடிக்க மாட்டான்லா. எங்கயாவது ஒரு வழி வச்சிருப்பான். கண்டுபிடிக்கிறதுதான் நம்ம வேல.”

பிறகு நவமணி தன் நோட்டில் சொந்தமாக ஒரு குகை கட்டினாள். அதற்கு அவள் எடுத்துக்கொண்ட இடம் தோட்டத்துப் பழைய புகைவீடு. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு, ரப்பர் சீட்டுகளைப் புகையில் உலர்த்திய அந்தக் கட்டடம் நான்கு வருடமாகச் சும்மா கிடந்தது. அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில் கூடவே போய் அதன் ஒவ்வொரு மூலையும் நவமணிக்கு அத்துப்படி. இரும்புக் கதவு சாத்திக்கொண்டால் வெளியே இருக்கும் தாழ்ப்பாள் தானாக விழும். உள்ளே தண்டவாளத்தில் சீட்டு தொங்கவிடும் தள்ளுவண்டி. வண்டியை நகர்த்தினால் தரையில் புகை வரும் ஓட்டை. ஓட்டைக்குக் கீழே, ஆள் ஊர்ந்து போகிற அளவு சுரங்கம். அது இரண்டாகப் பிரியும், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு செங்கல் சுவர்.

இதுவரை எல்லாம் அவள் காலடியால் அளந்தது. இடப்பக்கச் சுவருக்கு அப்பால் இருப்பதைத் துணி காயப்போடும்போது மனதுக்குள் கட்டினாள். மூன்று தடவை தள்ளினால் சுவர் திறக்கும். அங்கே சாவி அறை. அதிலிருந்து வெளியே போக ஒரு வழி. உண்மைக்கும் கற்பனைக்கும் ஒரே பென்சில்தான். படத்துக்குக் கீழே தன் அழகான கையெழுத்தில் எழுதியும் வைத்தாள்: ‘கதவு மூடினால் பயப்படாதே. திரும்பாதே. முன்னே போ. மூன்று தடவை தள்ளு.’

அந்த வரிதான் இப்போது அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்குள் ஓடினாள். கிராணியம்மா யோகாம்பாள் தையல் மெஷினில் குனிந்திருந்தார்.

“என்ன பிள்ளை? சரோ எங்கை? தேத்தண்ணி ஆறுது.”

நவமணி வாயைத் திறந்தாள். வகுப்பில் போலவே, தெரிந்த பதில் வெளியே வரவில்லை.

“ஒண்ணுமில்லம்மா.”

சொன்ன மறுநொடியே தன் கன்னத்தில் அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. திரும்பி ஓடினாள். செம்பனைக் காட்டுக்குள் பாதை பாதியில் இருக்கும்போதே மழை கொட்டத் தொடங்கிவிட்டது.

புகைவீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் விழுந்திருந்தது. இரண்டு கையாலும் தூக்கித் திறந்தாள். பழைய புகை நாற்றம். இருட்டு. கண் பழகியதும் முதலில் தெரிந்தது தள்ளுவண்டி. அது நகர்த்தப்பட்டிருந்தது. முதல் புதிர் அவிழ்க்கப்பட்டுவிட்டது. ஒரு கணம், ஒரே கணம், அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த கணம் ஓட்டையைப் பார்த்தாள். விளிம்புச் செங்கற்கள் சரிந்து உள்ளே விழுந்து வழியை அடைத்திருந்தன. தண்டவாளத்தின் மேல் அவளுடைய நோட்டு, படம் இருந்த பக்கம் திறந்தபடி கிடந்தது.

தரைக்குக் கீழிருந்து சத்தம் வந்தது. டொக், டொக், டொக். பிறகு அமைதி. மறுபடியும் டொக், டொக், டொக்.

“அக்கா!”

கூரைத் தகரத்தில் மழை இரைந்தது. அவள் குரல் அடைப்பைத் தாண்டிப் போகவில்லை. கீழே மூன்று தட்டு, அமைதி, மூன்று தட்டு.

நவமணிக்குப் புரிந்துவிட்டது. சரோஜினி உதவிக்குக் கூப்பிடவில்லை. கதவு மூடியபோதும் கத்தியிருக்கமாட்டாள், செங்கல் சரிந்தபோதும் கத்தியிருக்கமாட்டாள். எல்லாம் குகையைக் கட்டினவளின் ஏற்பாடு என்று நினைத்திருப்பாள். ஒன்றரை மணி நேரமாக அவள் விளையாடிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு செங்கல்லை உருவினாள். இரண்டு. மூன்றாவதை எடுத்தபோது மேலிருந்தவை மொத்தமாகச் சரிந்து அடைப்பு இன்னும் இறுகியது. நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியே ஓடினாள்.

செம்பனைப் பழக்குலை ஏற்றும் மேடையில், வேலை வாங்கும் மண்டோர் முருகையாவும் மூன்று ஆட்களும் லோரித் துணிக்கு அடியில் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். அவர்களில் லோரி ஓட்டும் தனபாலன் அவளைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டான்.

“என்னாம்மா, மழைய தலையில தூக்கிட்டு ஓடியார? கிராணி வூட்டுல ஒரு கொடகூட இல்லையா?”

ஆட்கள் சிரித்தார்கள். நவமணியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

“இருங்கடா, ஊமைப் பொண்ணு பேசப் போவுதுலா! எல்லாரும் காத கழுவிக்குங்க.”

அவள் நோட்டை எடுத்து முருகையாவின் முகத்துக்கு நேரே விரித்தாள். இதுவரை யாருக்கும் காட்டாத பக்கம். ஈரம் பட்டுப் பென்சில் கோடுகள் மங்கத் தொடங்கியிருந்தன.

“அட, நம்ம பொகவீடு,” என்றார் முருகையா. “யாரு போட்டது? அளவெல்லாம் சரியா இருக்கே. இது வண்டி, இது பொக ஓட்ட, இது சொரங்கம்.” விரல் சுவரில் நின்றது. “இந்தாண்ட என்னா ஒரு ரூமு? அங்க ஏது ரூமு? அது அடுப்பு வாயி. ஆடு உள்ள போயி சிக்கிக்கிச்சுன்னு நான்தான் செங்கல் வச்சி அடச்சேன். அதுக்கு அந்தாண்ட அடுப்புக் குழிதான்.”

“அந்த ரூமு பொய்யி.”

யாரோ பேசியது போலிருந்தது. பேசியது அவள்தான்.

“நான் பொய்யா போட்டது. சரோ அக்கா நெசம்னு நம்பி உள்ள போயிட்டாங்க. ஓட்டையில செங்கல் சரிஞ்சு வழி அடச்சிக்கிச்சு. சுவத்த தட்டிக்கிட்டே இருக்காங்க. அது தெறக்காது மண்டோரய்யா. அது தெறக்கவே தெறக்காது.”

தனபாலனின் சிரிப்பு நின்றது.

“கிராணி மவளா?” முருகையா மேடையிலிருந்து குதித்தார். “டேய், மழையில அந்தக் குழி ரொம்பிடும்டா! தண்ணி செங்கல் இடுக்குல உள்ள போவும். மண்வெட்டிய எடுங்க, எல்லாரும் வாங்க!”

புகைவீட்டின் பின்புறம் கொடியும் காடுமாக மண்டிக் கிடந்தது. அங்கே இரண்டு அடுப்புக் குழிகள், இடதில் ஒன்று, வலதில் ஒன்று. கூரைத் தண்ணீர் முழுவதும் இரண்டிலும் அருவியாக விழுந்துகொண்டிருந்தது. செம்மண் தண்ணீர் முழங்கால் அளவுக்கு மேலே ஏறிவிட்டது.

“சொரங்கம் கீழ ரெண்டா பிரியுது,” என்றார் முருகையா. “ஒரு பக்கம் வெட்டவே நேரம் பத்தாது. எந்தப் பக்கம் போச்சு அந்தப் பொண்ணு?”

எல்லோரும் நவமணியைப் பார்த்தார்கள். மழையில் தட்டும் சத்தம் கேட்கவில்லை. தப்பாகச் சொன்னால் தொலைந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். டிவி முன்னால் சப்பணம் போட்டு உட்காரும் சரோஜினியை நினைத்தாள். படம் எங்கே காட்டுகிறதோ அங்கேதான் அவள் போவாள், ஒரு நாளும் மாறியதில்லை. சாவி அறையை நவமணி இடது பக்கம் போட்டிருந்தாள். ஆனால் அது கதவு வழியாக உள்ளே வருபவளுக்கு இடது, பின்புறம் நிற்பவர்களுக்கு அல்ல. நோட்டைத் தலைகீழாகத் திருப்பினாள்.

“வலது பக்கம்.”

“நிச்சயமாவா?”

நிச்சயம் என்று அவளுக்கே தெரியாது. “வலது பக்கம்,” என்றாள் மறுபடியும்.

முருகையா முதலில் குழியின் ஓரத்தை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார். அப்படியே உடைத்தால் குழித் தண்ணீர் மொத்தமும் சுரங்கத்துக்குள் பாயும் என்று கத்தினார். தண்ணீர் வடிய வடிய மற்றவர்கள் மண்ணை வாரினார்கள். நவமணி வெறுங்கையால் வாரினாள். நகக்கண்ணில் மண் ஏறியது தெரியவில்லை. செங்கல் தெரிந்ததும் முருகையா கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். சுவரில் காதை வைத்தார்.

வைத்தபடியே இருந்தார். நவமணி அவர் முகத்தையே பார்த்தாள். அவள் உயிர் அந்த முகத்தில்தான் இருந்தது.

“தட்டுது,” என்றார். “மூணு மூணா தட்டுது.”

மேல் வரிசையில் நான்கு செங்கற்களை நெம்பி எடுத்ததும் உள்ளிருந்து ஒரு கை வந்தது. தனபாலன் அதைப் பிடித்துக்கொண்டான். மீதிச் சுவரைக் கலைத்து இழுத்தார்கள். மார்பு வரை நனைந்து, புருவம் கிழிந்து, தலைமுடியெல்லாம் கரியும் சேறுமாக சரோஜினி வெளியே வந்தாள். இருமினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். நவமணியைக் கண்டதும் பல் தெரியச் சிரித்தாள்.

“மூணு தடவ தள்ளினா தெறக்கும்னு எழுதியிருந்தியே! எத்தன மூணு தள்ளினேன் தெரியுமா? தண்ணி வேற வருது. அதுவும் புதிர்ல ஒண்ணுன்னு நெனச்சேன், சூப்பர்லா! எங்கடி வச்ச அந்த வழிய?”

சொல்ல வேண்டியவள் ஒருத்திதான்.

“வழி வைக்கலக்கா.”

“என்னாது?”

“அந்தச் சுவத்துல நான் வழியே வைக்கல. மனசுல தோணினத வரைஞ்சேன். நீங்க போவீங்கன்னு தெரியாது. இவங்க ஒடைக்கலன்னா அது தெறந்திருக்காது.”

சரோஜினியின் சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் முகத்தில் நின்றது, அணைக்க மறந்த விளக்கு மாதிரி. பிறகு அவள் திரும்பி, தான் வெளியே வந்த ஓட்டையைப் பார்த்தாள். தண்ணீர் நின்ற உயரத்தைப் பார்த்தாள். சுரங்கத்துக்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயப்படாதவளுக்கு, மண்ணுக்கு மேல் ஐந்து பேர் நடுவில் நின்றபோது தாடை நடுங்கத் தொடங்கியது. நவமணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது. விடவில்லை.

வீடு வரும் வரைக்கும் விடவில்லை.

வாசலில் யோகாம்பாள் முகம் வெளுத்து நின்றார். மகளைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், கடைசியில் நவமணியைப் பார்த்தார்.

“என்ன பிள்ளை நடந்தது? கேட்டனான் எல்லே? ஒண்டுமில்லை எண்டாய்.”

நவமணிக்குத் தெரியும், இனி இந்த வீட்டில் வேலை இருக்காது. லயத்தில் இதைப் பேசுவார்கள். அம்மாவைக் கிராணி ஆபீசுக்குக் கூப்பிடுவார். சட்டைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தாள். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கிழியாமல் பிரித்து, புகைவீட்டுப் படம் இருந்த பக்கத்தைக் கிராணியம்மாவிடம் நீட்டினாள்.

“அம்மா,” என்றாள், “இது நான் போட்டது.”