அக்காவின் ஒன்பது கிலோ

1

என் அக்கா ஒன்பது கிலோ குறைந்தால் அவளுடைய சிறுநீரகங்களில் ஒன்று எனக்குக் கிடைக்கும். இந்தக் கதை உருவான விதம் இதுதான். மற்ற எழுத்தாளர்களைக் கேட்டால் ஜன்னலோரம் மழை பார்த்தேன், ஒரு முகம் மனதை விட்டுப் போகவில்லை என்று ஏதாவது சொல்வார்கள். எனக்கு டாக்டர் சொன்னார்: "எல்லாம் நல்லாப் பொருந்துது. ஆனா தொண்ணூத்தியொரு கிலோவோட உங்க அக்காவ ஆபரேஷன் மேசையில ஏத்த மாட்டேன். எண்பத்திரெண்டுக்கு வரட்டும், பாக்கலாம்." வீட்டுக்கு வந்து தாளை எடுத்தேன்.

சொந்தக்காரர்களின் வாழ்க்கையைச் சுரண்டித்தான் நாங்கள் எல்லோருமே எழுதுகிறோம். நான் கொஞ்சம் ஆழமாகக் கை வைத்துவிட்டேன்.

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், ஓர் இயந்திரம் என் ரத்தத்தை வெளியே இழுத்துச் சுத்தம் செய்து திருப்பித் தருகிறது. இடது கையில் இரண்டு ஊசி. வலது கை சும்மாதான் கிடக்கிறது, அதில் ஒரு பேனா. நீங்கள் படிப்பதெல்லாம் அந்தக் கை எழுதியது. 'ஐயோ பாவம்' என்று நீங்கள் உச்சுக்கொட்டுவது கேட்கிறது. கொட்டி முடியுங்கள், காத்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'அவள் கண்ணாடி முன் நின்றாள். கண்ணாடியில் இடம் போதவில்லை.' அடித்துவிட்டேன். நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவள் அக்காதான். படித்தால் கை நீளும்.

இரண்டாவது தொடக்கம்: 'தன்னையே உருக்கித் தம்பிக்கு ஒளி தரும் ஒரு தியாகச் சுடர்

இதை முடிக்கவே இல்லை. சுடராவது மண்ணாவது. சிறுநீரகம் தருகிறேன் என்று சொன்னபோது அவள் வாயில் பாதி பன் இருந்தது. "ரெண்டு இருக்குல்லடா, ஒண்ண எடுத்துக்க. என் சைக்கிள வாங்கிட்டுப் போன நீ இன்னைக்கு வரைக்கும் திருப்பித் தரல. இதையும் அப்படியே வச்சுக்க."

மூன்றாவது தொடக்கம்: 'அக்கா ஒரு பேக்கரியில் கேக்குகளுக்கு அலங்காரம் செய்கிறாள்.' இதில் அழகு இல்லை, பொய்யும் இல்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

அடுப்பிலிருந்து வரும் கேக் நடுவில் உப்பியிருக்கும். க்ரீம் பூச வேண்டுமென்றால் அந்த உப்பலை நீளக் கத்தியால் சீவிச் சமமாக்க வேண்டும். சீவிய துண்டு விற்பனைக்கு ஆகாது. பதினெட்டு வருடமாக அது போய்ச் சேர்ந்த இடம் அக்காவின் வாய். "தூக்கிப் போட மனசு வரலடா" என்பாள். ஒரு நாளைக்கு முப்பது கேக். டாக்டர் கேட்ட ஒன்பது கிலோ எங்கிருந்து வந்தது என்று துப்பறிய வேண்டிய அவசியமில்லை.

3

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் அம்மா ஒருவர் பட்டியல் போட்டுத் தந்தார். சர்க்கரை வேண்டாம், மைதா வேண்டாம், பசித்தால் வெள்ளரிக்காய். மூன்றாம் நாளே அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"வெள்ளரிக்காயெல்லாம் ஒரு சாப்பாடாடா? கடிச்சுத் திங்கற தண்ணி."

எனக்கு ஒரு நாளைக்கு, எல்லாம் சேர்த்து, ஒரு லிட்டர் தண்ணீருக்குத்தான் அனுமதி. அவள் சொன்னதைக் கேட்டதும் நாக்கில் எச்சில் ஊறிவிட்டது.*

இன்னொரு நாள் பேச்சுவாக்கில் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டேன். உடம்பில் தேங்கிய நீரை இயந்திரம் உறிஞ்சிவிடுவதால், படுத்தபோது இருந்த எடையைவிட எழுந்திருக்கும்போது இரண்டரை கிலோ குறைவாக இருப்பேன்.

"நாலு மணி நேரத்துல ரெண்டரை கிலோவா? படுத்துக்கிட்டேவா?" மறுமுனையில் வெள்ளரிக்காய் கடிபடும் சத்தம். "குடுத்து வச்சவன்டா நீ."

அக்காவின் கணவர், அதாவது என் மாமா, வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டும் கடை வைத்திருக்கிறார். மனைவிக்கு ஊக்கம் குறையக் கூடாது என்று வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு முழுக்க வாசகங்களை ஒட்டிவிட்டார். 'நாக்கை அடக்கு, நாளை சிரி.' 'இன்று ஒரு துண்டு, நாளை ஒரு குண்டு.' ஃப்ரிட்ஜ் லாரியின் பின்பக்கம் மாதிரி ஆகிவிட்டது. "இதெல்லாம் படிச்சு முடிக்கறதுக்குள்ள பசி வந்துருது" என்றாள் அக்கா.

பேக்கரியில் மைதா மூட்டை நிறுக்க, வட்ட முகத்தில் முள் ஓடும் பழைய தராசு ஒன்று உண்டு. சனிக்கிழமைதோறும் அதில் ஏறி எடை பார்ப்பாள். முதல் மாதம் முழுக்கக் குறைந்தது முந்நூறு கிராம். அதுவும் முடி வெட்டிக்கொண்ட வாரத்தில்.

* ஊறிய எச்சிலும் அந்த ஒரு லிட்டரில் சேர்த்தியா என்று நர்ஸிடம் கேட்டேன். அவர் என் தண்ணீர் பாட்டிலை எட்டாத தூரத்தில் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

4

ஊக்கம் கொடுக்கத்தான் வீட்டிலேயே ஓர் எழுத்தாளன் இருக்கிறானே! ஆறாம் பக்கத்தில் அக்காவை இலக்கில் கொண்டுவந்து நிறுத்தினேன். 'தராசின் முள் எண்பத்திரண்டில் நின்றது. அவள் கண்கள் பனித்தன.' (கண்கள் பனித்தன என்று எழுதியதற்கு மன்னிக்கவும். அன்றைக்கு ஊசி வலித்தது.) போனிலேயே படித்துக் காட்டினேன். அக்கா மூக்கை உறிஞ்சினாள். அந்தச் சனிக்கிழமை எடை தொண்ணூற்றொன்றரை.

"அதக் கேட்டதும் மனசே நெறைஞ்சு போச்சுடா. ஏதோ நானே குறைஞ்சு முடிச்ச மாதிரி. அந்தச் சந்தோஷத்துல ரெண்டு துண்டு..."

எனக்கு வந்த கோபத்தில் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். 'அவளால் முடியாது என்று அவளுக்கே தெரியும். நாக்கு கேட்டது, கை கொடுத்தது. தம்பியும்தான் கேட்டான்.' இதை அவளுக்கு அனுப்பினேன். ஐந்து நாள் போன் இல்லை. ஆறாம் நாள், சனிக்கிழமை, போனில் ஓர் எண் மட்டும் வந்தது: 89.9. அதற்குக் கீழே: 'மூஞ்சியப் பாரு.'

ஆக, என் கதாபாத்திரம் பாராட்டினால் தின்கிறது, திட்டினால் இளைக்கிறது. பிறகென்ன, வாரம் ஒரு பக்கம் திட்டு. அவள் பஸ்ஸை விட்டுவிட்டு வேலைக்கு நடந்து போனாள். சீவிய கேக் துண்டுகளைப் பொட்டலம் கட்டி மாமாவுக்கு எடுத்துப் போனாள். எண்பத்தெட்டு. எண்பத்தாறரை. எண்பத்தைந்து. எண்பத்துநான்கு. இதற்குள் மாமா ஐந்து கிலோ ஏறியிருந்தார். குடும்பத்தின் மொத்த எடையில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை.

எண்பத்துநான்கில் முள் உட்கார்ந்துவிட்டது. நான்கு வாரம் அசையவில்லை. எனக்குக் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. ஒளித்து வைத்துத் தின்கிறாளோ? டாக்டர் என் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துக்கொண்டே, "சீக்கிரம் முடிஞ்சா நல்லது" என்றார். கையிருப்பில் இருந்த திட்டெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. ஒரே ஒரு ஆயுதம்தான் பாக்கி.

5

[இங்கே மூன்று வரிகள் இருந்தன. அக்கா கிழித்துவிட்டாள்.]

6

புதன்கிழமை, நான் ஊசிகளோடு படுத்திருக்கும்போது வந்தாள். பேக்கரியிலிருந்து நேராக வந்திருந்தாள், முழங்கையில் ரோஸ் நிற க்ரீம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து தாளை எடுத்தாள்.

"என்னடா இது? மூணே வரியில செத்துப்போயிட்ட?"

"கதைதானேக்கா."

"கதையாவா இருக்கு? அக்கா ஒரு துண்டு தின்னா, தம்பி செத்தான். அவ்வளவுதான் இருக்கு." தாளை நான்காக மடித்துக் கிழித்தாள். "குண்டுன்னு எழுது. பூதம்னு எழுது. போன வாரம் தண்ணி லாரின்னு எழுதின, அதையும் தாங்கிக்கிட்டேன். இது வேண்டாம்டா. ஒவ்வொரு வாய்லயும் உன்ன வச்சுக்கிட்டு நான் எப்படி முழுங்கறது?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மூன்று வரிகளும் நன்றாக வந்திருப்பதாக வேறு நினைத்திருந்தேன்.

"ஒளிச்சு வச்சுத் திங்கறேன்னுதானே நெனச்ச?"

"ஆமா."

"திங்கறேன்தான். ஏன்னு கேட்டியா?" குழாயில் ஓடிக்கொண்டிருந்த என் ரத்தத்தையே பார்த்தாள். "நடுவுல ஒரு நாள் எண்பத்திமூணு வந்துச்சு. உன்கிட்ட சொல்லல. முள்ளப் பாத்ததும் பயந்துபோய்ப் பலகைய விட்டு எறங்கிட்டேன். இன்னும் ஒரு கிலோன்னா அடுத்து கத்திதானேடா. அன்னைக்கே நாலு துண்டு தின்னேன்."

ஏழு மாதமாக இந்தக் கதாபாத்திரத்தை எழுதுகிறேன். அவள் நாக்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அவளுக்குப் பயமாக இருக்கலாம் என்று ஒரு வரி எழுதவில்லை. [எழுதினால் அவளுக்கே அது ஞாபகம் வந்து, தரமாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான். இந்த அடைப்புக்குறியையும் அவள் படிக்கட்டும்.]

"அப்ப வேண்டாம்க்கா" என்றேன். அதைச் சொல்வது லேசாக இல்லை. சொல்லும்போது கையை அசைத்துவிட்டேன் போலிருக்கிறது, குழாய் மடங்கி இயந்திரம் கத்தத் தொடங்கியது. நர்ஸ் ஓடி வந்து சரிசெய்து, எங்கள் இருவரையும் முறைத்துவிட்டுப் போனார்.

"லூசு. வேண்டாம்னு யார் சொன்னா?" என்றாள் அக்கா. "பயமா இருக்குன்னு சொன்னேன். அது வேற, இது வேற. நீ கொஞ்ச நாளைக்கு எழுதாம இரு. நான் பாத்துக்கறேன்."

7

முடிவுகள் மூன்று தயாராக வைத்திருந்தேன்.

அ) எண்பத்திரண்டு. சுபம். இதைப் படித்தால் அவளுக்கு மனசு நிறைந்துவிடும். நிறைந்தால் என்ன நடக்கும் என்று நாம் பார்த்துவிட்டோம்.

ஆ) எண்பத்தாறு. தோல்வி. கோபம் வந்து இளைப்பாள், வாஸ்தவம். ஆனால் புதன்கிழமைக்குப் பிறகு எனக்கு அதை எழுதக் கை வரவில்லை.

இ) முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் சிறுநீரகம் கடைசிப் பக்கத்தில் திடீரென்று வந்து சேர்கிறது. பத்திரிகை ஆசிரியர் காறித் துப்புவார்.

ஆறு வாரம் எழுதவில்லை. அவளும் எண் எதையும் அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். உணவுக் கட்டுப்பாடு எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் புரிந்தது.

நேற்று சனிக்கிழமை. காலையில் பேக்கரிக்கு வரச் சொன்னாள். அடுப்புச் சூட்டைத் தாண்டி, மைதா மூட்டைகள் அடுக்கிய பின்னறைக்குக் கூட்டிப்போனாள். தராசு அங்கேதான் இருக்கிறது.

"அந்தப் பக்கம் திரும்பி நில்லு. பாத்தா எழுதிடுவ."

திரும்பி நின்றேன். எதிரே மேசையில் உப்பல் சீவிய கேக்குகள் வரிசையாக இருந்தன. பக்கத்துத் தட்டில் சீவிய துண்டுகள். கேக்குகளை எண்ணினேன், துண்டுகளை எண்ணினேன், பதற்றத்தில் இரண்டு முறையும் வேறு வேறு எண் வந்தது. பின்னால் ஏப்ரனை அவிழ்க்கும் சத்தம். செருப்பைக் கழற்றும் சத்தம். தராசின் பலகை முனகியது.

முள் மெல்ல ஏறி

[வாசகரே, நான் மேசையைப் பார்த்து நிற்கிறேன். நீங்கள்தான் தராசைப் பார்த்து நிற்கிறீர்கள். முள் எங்கே நின்றது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை அவள் படிப்பாள், அதனால் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள்.]

"டேய்."

"ம்."

"பயமா இருக்கா?"

"இருக்குக்கா."

"எனக்குந்தான்." பலகையை விட்டு அவள் இறங்கவில்லை. "சரி, இப்பத் திரும்பு."