பால் வண்டியில் வந்த நாற்காலிகள்

பள்ளிக்கூடத்து ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டுச் சுவரில் படம் காட்டினார்கள். மாவட்டத் தலைமையிடத்திலிருந்து வந்த சுகாதார அதிகாரி, நகரத்தைவிட எங்கள் கிராமங்களில் தற்கொலை ஏன் அதிகம் என்று விளக்கினார். யாருக்கெல்லாம் ஆபத்து என்று ஒவ்வொன்றாகச் சுவரில் வந்தது. ஆண். நாற்பத்தைந்தைத் தாண்டியவர். தனியாக வசிப்பவர். விவசாயி. ஆஸ்பத்திரிக்குத் தூரத்தில் இருப்பவர். குடும்பத்தில் ஏற்கனவே ஒருவரை அப்படி இழந்தவர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தம்பி ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினான்.

"அக்கா, எல்லாப் பாடத்துலயும் பாஸ்," என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கடைசித் தம்பி, சின்னவன், அப்படிப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இவன் ஒருத்தன்தான் எனக்கு மிச்சம். வாக்கப்பட்ட ஊரிலிருந்து நான் வாராவாரம் நடந்து வந்து இவன் முகத்தைப் பார்ப்பதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது.

"இவங்ககிட்ட தினமும் யாராவது ரெண்டு வார்த்தை பேசணும். அதுதான் முக்கியம்," என்றார் அதிகாரி.

மேடையில் இருந்த பால் சங்கச் செயலாளர் தலையாட்டினார். அவர் ஆட்டிய வேகத்துக்குக் கழுத்து சுளுக்காததே ஆச்சரியம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம்வரை தினமும் காலையில் பால் வண்டி தம்பி வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடிக்கும். தம்பி கேனைத் தூக்கிக்கொண்டு வருவான். மழை, மாடு, மூட்டு வலி என்று அவனும் டிரைவரும் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். கேன் வெளியே வராவிட்டால் டிரைவர் உள்ளே போய்ப் பார்ப்பார். ஒற்றை மாட்டுப் பாலுக்கு டீசல் கட்டுப்படியாகாது, வண்டி இனிமேல் ஊருக்குள் வரும் பாலத்தைத் தாண்ட வேண்டாம் என்று உத்தரவு போட்டவர் இந்தத் தலையாட்டிதான். இப்போது தம்பி பாலைக் கன்றுக்கே விட்டுவிடுகிறான். வீட்டில் அவனும் அவன் தாடியும்தான்.

நான் எழுந்துவிட்டேன்.

"என் தம்பிகிட்ட தினமும் பேசிட்டிருந்த ஒரே ஆளு உங்க டிரைவர்தாங்க. அதையும் நிறுத்திட்டு மேடையில உக்காந்து தலையாட்டுறீங்களே, வெக்கமா இல்ல?"

"அது வேற விஷயம்மா. அப்புறம் பேசலாம்," என்றார் செயலாளர்.

அதிகாரி சமாதானமாக, "செவ்வாய்க்கிழமை டவுன்ல டாக்டர் வர்றாரு. கூட்டிட்டு வாங்க," என்றார்.

"எதுல வர்றது? பஸ்ஸும்தான் நின்னு போச்சே!"

குரூப் போட்டோவுக்கு வரச் சொன்னார்கள்.

விறுவிறுவென்று வெளியே வந்தேன். வாசலில் அதே பால் வண்டி. கூட்டத்துக்கு நாற்காலியும் பேனரும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது. பாலுக்குத் தாண்டாத பாலத்தை நாற்காலிக்காகத் தாண்டியிருக்கிறது! கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

செயலாளர் ஓடிவந்தார். "இறங்குங்கம்மா, என்ன இது?"

"நாளையிலேருந்து வண்டி வரும்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. இறங்குறேன்."

டிரைவர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். தம்பி கூனிக்குறுகி வந்து நின்றான்.

"அக்கா, இறங்கிடுக்கா. மானம் போகுது."

"போனா போகட்டும்டா. நீயும் போயிட்டா நான் யாருக்குடா அக்கா?"

சின்னவன் போனபோதுகூட அழாத அவன் கண் கலங்கியது. செயலாளரைக் கையால் ஒதுக்கிவிட்டு வண்டிப் படியில் காலை வைத்தான்.

"கொஞ்சம் தள்ளி உக்காருக்கா," என்றான்.