காசிராசன் நின்ற இடம்

சூரியநெல்லி தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த சங்கையா, நான்கு பேர் கொண்ட கச்சேரிக் குழுவில் எலக்ட்ரிக் கிட்டார் வாசித்துவந்தார். 1976இல் குழுவின் பாடகர் காசிராசனுக்குக் கோயமுத்தூர் மில்லில் வேலை கிடைத்தது. மற்ற இருவரும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். அந்த ஆண்டு மாரியம்மன் கோயில் பொங்கலுக்குச் சங்கையா தனியாக மேடையேறினார்.

முதல் பாட்டின் முன்னிசை முடிந்ததும், பழக்கத்தில் கையை நிறுத்தி இடப்பக்கம் திரும்பினார். அங்கே யாரும் இல்லை. சற்றுத் தடுமாறி, பாடவேண்டிய வரியையும் கிட்டாரிலேயே வாசித்தார். அடுத்த பாட்டிலும் அதே இடத்தில் கை நின்றது. மூன்றாவதிலும் நின்றது.

அந்தப் பாட்டு முடிந்தபோது, முன்னால் உட்கார்ந்திருந்த கொழுந்து பறிக்கும் முத்துப்பேச்சி கேட்டாள்.

"ஏன் தம்பி, நடுநடுவுல யாரைத் தேடுறீக?"

"பாடுறவரைத்தான்க்கா. என் சேக்காளி."

"தவறிட்டாரா?"

"இல்லக்கா. கோயமுத்தூர்ல நல்லா இருக்காரு."

"பின்னே எதுக்கு நிறுத்துறீக? நீங்களே வாசிச்சிட்டுப் போங்க. வார்த்தை எங்களுக்குத் தெரியும்."

அதன்பிறகு அவர் நிறுத்தவில்லை. கூட்டத்தில் சில உதடுகள் அசைந்தன; சத்தமாக யாரும் பாடவில்லை. வெயில் இறங்கும்வரை ஒருவரும் எழுந்து போகவுமில்லை. அன்று வாசிப்பு நன்றாகவே வந்தது. அதைச் சொல்லிக்கொள்ளத்தான் மேடையில் பக்கத்தில் ஆளில்லை.

கூட்டம் கலைந்ததும் ஒயரைச் சுருட்டினார். ஆம்ப்ளிஃபயரை எப்போதும் இரண்டு பேராகத்தான் தூக்குவார்கள். கிட்டாரை முதலில் சரிவுக்குக் கீழே நின்ற ஜீப்பில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, ஆம்ப்ளிஃபயரைத் தனியாகத் தூக்கி, பத்தடிக்கு ஒருமுறை இறக்கிவைத்து, சரிவில் மெல்ல நடந்தார்.