பூரிம் அன்று தின்ற மக்ரூத்

"அந்த மக்ரூத்தைத் தின்னியாம்மா, இல்ல கீழ போட்டியா?"

எங்கள் யூத மதகுரு ரபி மக்லூஃப் என்னிடம் இதைக் கேட்டபோது அவர் குரலில் கோபமே இல்லை. கீழே போட்டேன் என்று சொல்லிவிடேன் என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது. ஜெப ஆலயத்தை ஒட்டிய சின்ன அறை அது. ரபிகள் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரே சாசியும் அவன் கூட்டாளி கமூஸும் நின்றார்கள். கதவோரம் நான் கட்டிக்கொள்ளப் போகிற ரஹ்மீனும் அவன் அப்பாவும். என் அம்மா பின்னால் நின்று முதுகில் விரலால் குத்தினாள். வரும் வழியெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். போட்டேன்னு சொல்லு, துப்பினேன்னு சொல்லு, எதையாவது சொல்லித் தொலை.

அத்தனை பேர் பார்க்க நான் தின்றிருந்தேன். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ரபி கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குப் பேச வராது என்றில்லை. அம்மாவிடம் பேசுவேன், கோழிகளிடம் பேசுவேன். நாலு பேர் பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். ஆடு கத்துவது போல ஒரு பெண் கத்திக் காட்டினாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதற்கப்புறம் நான் போகவில்லை. ஊரில் என் பெயர் ஊமை கஸாலா ஆகிவிட்டது.

ஊமைக்கு மாப்பிள்ளை கிடைத்ததே அதிசயம் என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே சொன்னார்கள். ரஹ்மீன் வெள்ளிப் பட்டறையில் வேலை செய்தான். ஷாவுவோத் பண்டிகை கழிந்ததும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். மோதிரம் போடுவது பந்தலுக்கடியில்தான், அதுவரைக்கும் வெறும் வாய்ப்பேச்சு. அவன் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு எங்கள் கிணற்றடிக்கு வருவான். அவள் எங்கள் பூனையோடு விளையாடுவாள், அவன் பேசுவான், நான் கேட்பேன். போன கோடையில் ஒரு சபத் அன்று எண்ணெய்ச் செக்குக்குப் பின்னால் கமூஸோடு சேர்ந்து சிகரெட் பிடித்ததைக்கூட சொன்னான். ஓய்வுநாளான சபத்தில் நெருப்பைத் தொடவே கூடாது. தொட்டது தெரிந்தால் அவன் அப்பா தோலை உரித்துவிடுவார்.

"உன்கிட்டதான் பயமில்லாம எதையும் சொல்ல முடியுது," என்றான். "நீ யார்கிட்ட போய்ச் சொல்லப்போற?"

எனக்கு அது பெருமையாக இருந்தது.

பூரிம் பண்டிகையன்று வீட்டுக்கு வீடு பலகாரத் தட்டு போகும். அம்மா என் கையிலும் ஒரு தட்டைக் கொடுத்து அத்தை வீட்டுக்கு அனுப்பினாள். அங்கே போக சாசி வீட்டு முற்றத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆண்கள் பகலிலிருந்தே அத்திச் சாராயம் குடித்துக்கொண்டிருந்தார்கள். பூரிமில் குடிப்பது புண்ணியம்.

"டேய், ஊமை வருது," என்றான் சாசி. "இன்னிக்கு இவ வாயைத் திறக்க வைக்கிறேன் பாக்குறீங்களா?"

அவன் தன் வீட்டுத் தாம்பாளத்திலிருந்து ஒரு மக்ரூத்தை எடுத்தான். ரவைக்குள் பேரீச்சம்பழம் வைத்துப் பொரித்து, தேன் சொட்டச் சொட்ட இருந்தது. என் வழியை மறித்து நின்றான். கமூஸையும் இன்னொருவனையும் அருகே இழுத்து, நீங்க ரெண்டு பேரும் சாட்சி என்றான். பிறகு பந்தலில் மாப்பிள்ளை சொல்வதுபோலக் குரலைக் கனமாக்கிக்கொண்டு, மோசேயும் இஸ்ரவேலும் வகுத்த முறைப்படி இதனால் நீ எனக்கு உரியவள் என்று வேத மொழியில் சொன்னான். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து மக்ரூத்தை அதில் வைத்தான்.

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு. விட்டுர்றேன்."

மாடியிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கமூஸ் பெண்களைப் போல நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டான். எனக்கு நாக்கு அசையவில்லை. தேன் மணிக்கட்டில் வழிந்தது. கீழே போட்டால் இன்னும் சிரிப்பார்கள், தின்றுவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. தின்றேன்.

"சம்மதம் சொல்லிட்டாடா," என்று எவனோ கத்தினான். முற்றமே உருண்டு சிரித்தது. நான் தட்டோடு நடந்தேன்.

ரஹ்மீனின் அம்மாவுக்கு அதை யாரோ வேடிக்கையாகத்தான் சொன்னார்கள். அவள் சிரிக்கவில்லை. நேராக ரபி வீட்டுக்குப் போனாள்.

இப்போது ரபி கண்ணைத் திறந்து எல்லாருக்கும் சொன்னார். மோதிரம்தான் வேண்டுமென்பதில்லை. ஒரு சல்லிக்காசு பெறும் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் கட்டியதாகிவிடும். வார்த்தை சொல்லியாயிற்று, சாட்சி ரெண்டு பேர் இருந்தார்கள், பெண் மறுக்காமல் வாங்கித் தின்றாள். குடித்திருந்தான், விளையாட்டுக்குச் செய்தான் என்று தள்ளிவிட அவருக்குத் துணிச்சலில்லை. கட்டு அறுக்க சாசி விவாகரத்துக்கான தள்ளுதல் சீட்டு எழுதி இவள் கையில் கொடுக்க வேண்டும்.

அம்மா சுவரில் சாய்ந்துவிட்டாள். எங்கள் ஊர் முழுக்க கோஹன்கள், ஆரோனின் வழிவந்த பூசாரி வம்சம். ஜனங்களை ஆசீர்வதிக்கிற கைகள். தள்ளுதல் சீட்டு வாங்கினவளை கோஹன் கட்டக்கூடாது. ஊரில் கோஹன் இல்லாத ஆண் ஒருவன் கிடையாது.

"அப்போ என் பொண்ணை யாரு கட்டுவா?" என்று அம்மா கேட்டாள்.

அடுத்த ஊரில் பெண்டாட்டி செத்தவர்கள் யாராவது இருப்பார்கள் என்று ரஹ்மீனின் அப்பா மரியாதையாகச் சொன்னார். ரபிகளில் இளையவர் சாசியைப் பார்த்து, சீட்டு எழுதுவதற்குப் பதிலாகப் பந்தல் போட்டு நீயே இவளோடு குடும்பம் நடத்தேன் என்றார்.

"இவளையா? சண்டை போடணும்னா நான் வெளியூர்லேர்ந்துதான் ஆள் கூப்பிடணும், ரபி."

அறையில் சிரித்தார்கள். ரஹ்மீனின் அப்பாவும் சிரித்தார். ரஹ்மீன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது மூலையில் நின்றிருந்த, ஜெப ஆலயத்தில் விளக்கேற்றும் பிஷி தொண்டையைச் செருமினார். கமூஸ் எப்படி சாட்சியாவான் என்று கேட்டார். போன கோடையில் ஒரு சபத் அன்று செக்குக்குப் பின்னால் அவன் சிகரெட் பிடித்ததைத் தன் கண்ணால் பார்த்தாராம்.

ரபி மக்லூஃப் பெஞ்சின் விளிம்புக்கு வந்துவிட்டார். சபத்தை மீறினவன் சாட்சி செல்லாது. ஒரு சாட்சி விழுந்தால் மற்றவன் மட்டும் போதாது, மக்ரூத் வெறும் மக்ரூத்தாகிவிடும், சீட்டும் வேண்டாம். ஆனால் கமூஸின் சாட்சியைத் தள்ளவும், அவன் மீறியதை ரெண்டு பேர் பார்த்திருக்க வேண்டும்.

"வேற யாரு பாத்தது, பிஷி?"

"கூட ஒருத்தன் நின்னான். முதுகைத்தான் பாத்தேன்."

அது வைக்கோல் துரும்பு, சும்மா வாயில் வைத்திருந்தேன் என்றான் கமூஸ். சொல்லிவிட்டு ரஹ்மீனைப் பார்த்துப் புன்னகைத்தான்.

ரபி எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த முதுகு இங்க இருந்தா கேக்கட்டும். அவன் அங்க என்ன பண்ணினான்னு நான் கேக்க மாட்டேன். பாத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். இந்தப் பொண்ணு வந்த மாதிரியே வீட்டுக்குப் போயிரும்."

நான் காத்திருந்தேன். வெளியே யாரோ கழுதையை அதட்டிக்கொண்டு போனார்கள். ரஹ்மீன் நிமிரவில்லை. இங்கே பெண் சொல்வது சாட்சியில் சேராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறந்தேன். அத்தனை ஆண்களுக்கு நடுவில் என் குரல் எனக்கே கேட்டது.

"ரஹ்மீன்," என்றேன்.

சாசி தொடையைத் தட்டினான். "பேசிட்டா! நான் சொன்னேன்ல, வாயைத் திறக்க வைக்கிறேன்னு!"

கமூஸ் அவன் தோளில் விழுந்து விழுந்து சிரித்தான். ரபி கையை உயர்த்தி அவர்களை அடக்கினார். பிறகு ரஹ்மீன் பக்கம் திரும்பி, "அவ உன்னைக் கூப்பிடறாப்பா. ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

ரஹ்மீன் தன் அப்பாவைப் பார்த்தான். அவர் மகனின் தொப்பியில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டார். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. கதவு நிலையில் பதித்திருந்த வேதச் சுருளை விரலால் தொட்டான், விரலை முத்தமிட்டான், வெளியே போனான்.