திரும்பி வராதவர்கள் பட்டியல்

சம்யுக்தாவை மாணவர் பிரதிநிதியாக சிஸ்டர் அனிசெட்டா தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அவள் வாயே திறக்க மாட்டாள் என்பதுதான். அதை அவர் மறைக்கவும் இல்லை.

"ரெண்டு மணி நேரம் உட்காரணும். தண்ணி வைப்பாங்க, பிஸ்கட் வைப்பாங்க. கேட்டா மட்டும் பதில் சொல்லு. கேட்க மாட்டாங்க" என்று சொல்லி ஒரு வெள்ளை உறையைக் கையில் கொடுத்தார்.

வளைகுடாவில், ஈசா டவுனில் இருந்த தூய மோனிக்கா பள்ளியைக் கன்னியாஸ்திரீகள் நடத்தினார்கள். படிக்கிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் நெற்றியில் திருநீறோ பொட்டோ வைத்துக்கொண்டு வருகிறவர்கள். ஏப்ரலில் புது வகுப்பு தொடங்கினால் முதல் வாரம் சிற்றாலயத்தில் பூசை, இரண்டாம் வாரம் ஆட்சிக்குழுவின் முதல் கூட்டம். இது வருடா வருடம் நடப்பதுதான். பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை அதில் உட்காருவதும் வழக்கம்தான்.

உறைக்குள் நிகழ்ச்சி நிரல் இருந்தது. ஜெபம், துணைத் தலைவர் தேர்வு, மாணவர் பிரதிநிதியின் உறுதிமொழி, பேருந்துத் தடங்கள், சிற்றாலயத்துக்குப் புது ஏசி. ஏழாவதாக ஒரு வரி: திரும்பி வராதவர்கள் பட்டியல், பெயர் நீக்கம்.

பட்டியலைப் பார்க்காமலே அதில் யார் பெயர் இருக்கும் என்று சம்யுக்தாவுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பிலிருந்து அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நீலா, பள்ளி திறந்த நாளிலிருந்து வரவில்லை.

நீலாவின் அப்பா சுரேஷ்குமார் வேலை பார்த்த கம்பெனி ஜனவரியில் மூடிவிட்டது. கம்பெனியோடு விசாவும் போயிற்று. விசாவுக்குப் பொறுப்பேற்கிற வேறு ஒரு கஃபீல் மே மாதம் விசா எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை தலைகாட்டாமல் இருக்க வேண்டும். அப்பா, அம்மா, நீலா மூன்று பேரும் ஃப்ளாட்டைக் காலிசெய்து, சல்மாபாத்தில் கார்களுக்கு பெயின்ட் அடிக்கிற பட்டறை ஒன்றின் மாடியில், ஒற்றை அறையில் இருந்தார்கள். வருடத் தொடக்கத்தில் செல்லுபடியாகிற சி.பி.ஆர். என்கிற குடியிருப்பு அடையாள அட்டையின் நகல் கொடுத்தால்தான் வகுப்புக்குள் விடுவார்கள். நீலாவின் அட்டை காலாவதியாகிவிட்டது. பன்னிரண்டில் பெயரை நீக்கிவிட்டால் வேறு எந்தப் பள்ளியும் சேர்க்காது. பரீட்சையும் இல்லை.

வெள்ளிக்கிழமை தோறும் சம்யுக்தாவின் அம்மா ஜலஜா ஒரு தூக்கில் சாம்பாரும் பொரியலும் எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போவாள். "இந்த விஷயம் நம்ம வாசப்படியைத் தாண்டக் கூடாது" என்று அப்பா ரவிசங்கர் சொல்லியிருந்தார். இரண்டு முறை சொல்லியிருந்தார்.

போன வெள்ளிக்கிழமை அந்த அறையில் பெயின்ட் நெடிக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு நீலா கேலி செய்தாள்.

"வாங்க மேடம். போர்டு மெம்பர் எல்லாம் ஏழைங்க வீட்டுக்கு வர்றாங்க."

"சும்மா இருடி."

"பேரை மட்டும் வெட்ட விடாதே சம்யு. ஒரே மாசம். மே மாசம் வந்து உன் டிபன் டப்பாவைக் காலி பண்றேன் பாரு."

"நான் என்னன்னு சொல்றது?"

"மஞ்சக்காமாலைன்னு சொல்லு. மூஞ்சியைப் பாத்தாலே நம்பிடுவாங்க."

"உன் மூஞ்சியையா?"

"உன் மூஞ்சியை. அது பொய் சொல்லும்னு எவளும் நினைக்க மாட்டா."

நீலா சிரித்தாள். கீழே பட்டறையில் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது. அதற்கு மேல் பேச முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்குக் கூட்டம். காலையிலிருந்தே புழுதிக் காற்று. கூட்ட அறையின் சன்னல்களில் வெளிச்சம் மஞ்சளாக நின்றது, ஆனால் உள்ளே மணல் ஒரு துகள்கூட வரவில்லை. நீள மேசை. சுவரில் சிலுவை. ஒன்பது பெரியவர்கள், பேச்செல்லாம் ஆங்கிலத்தில். தலைவர் ஃபாதர் லோபோ கோவாக்காரர், வெண்தாடி, மெதுவான பேச்சு. பெற்றோர் சார்பில் கோயம்புத்தூர் சரவணகுமார் இருந்தார். மேசையின் கடைசியில் கனமான பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஹஸ்னைன் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கும் அரசு அலுவலகங்களுக்கும் நடுவில் காகிதம் கொண்டுபோகிற மந்தூப் அவர்தான். கூட்டக் குறிப்பு எழுதுவதும் அவர்தான்.

சம்யுக்தா எழுந்து நின்று உறுதிமொழி வாசித்தாள். கடைசி வரி பக்கத்தில் இருந்தவருக்குக்கூடக் கேட்டிருக்காது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"இந்தப் போர்டில் ஒரு வழக்கம் உண்டு, மகளே" என்றார் ஃபாதர் லோபோ. "நாங்கள் பேசுவதைச் சுருக்கி எழுதுவார்கள். மாணவர் பிரதிநிதி பேசினால் மட்டும் ஒரு வார்த்தைகூட மாற்றாமல் எழுதுவார்கள். பிள்ளைகளின் குரலை நாங்கள் திருத்துவதில்லை."

"போன வருசத்துப் பொண்ணு 'தேங்க் யூ'ன்னு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுச்சு. அதையும் எழுதி வெச்சிருக்காருங்க" என்று சரவணகுமார் தமிழில் அவள் பக்கம் சாய்ந்து சொன்னார். "பயப்படாத கண்ணு."

பேருந்துத் தடங்கள் முடிந்தன. ஏசி முடிந்தது. ஹஸ்னைன் ஒரு தாளை எடுத்து வைத்து, பக்கத்தில் சிவப்புப் பேனாவையும் அடிஸ்கேலையும் வைத்தார்.

சிஸ்டர் அனிசெட்டா பெயர்களை வாசித்தார். "ரோஹித், எட்டாம் வகுப்பு. கேரளா போய்விட்டார்கள்." ஹஸ்னைன் ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தார். "ஜோதிமணி, நான்காம் வகுப்பு. அப்பாவுக்கு ஜுபைலுக்கு மாற்றல்." கோடு. ஒரு பெயருக்கு ஒரு மூச்சு நேரம். யாரும் தலை நிமிரவில்லை. ஒருவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"நீலா சுரேஷ்குமார், பன்னிரண்டாம் வகுப்பு. தகவல் இல்லை."

சம்யுக்தாவின் கை தானாக மேலே போயிற்று.

ஹஸ்னைனின் ஸ்கேல் பாதியில் நின்றது. ஒன்பது முகங்களும் அவளைப் பார்த்தன.

"அவ வருவா. உடம்பு சரியில்லை. மஞ்சள் காமாலை."

"அப்படியானால் மருத்துவச் சான்றிதழ் வந்திருக்க வேண்டுமே" என்றார் சிஸ்டர். "அவளுடைய அம்மாவின் போன் அணைந்திருக்கிறது. அப்பாவின் போனும். ஆஸ்பத்திரி எது?"

சம்யுக்தா கையைக் கீழே இறக்கினாள். காது மடல் சூடேறியது. ஸ்கேல் மறுபடி அசைவது தெரிந்தது.

ஃபாதர் லோபோ கையை உயர்த்தி ஹஸ்னைனை நிறுத்தினார். அவர் கடிந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர் அன்பாகக் கேட்டார்.

"அந்தக் குடும்பத்துக்கு ஏதோ கஷ்டம், இல்லையா? எங்களிடம் சொல்லலாம். உதவி செய்யத்தானே உட்கார்ந்திருக்கிறோம்?"

இத்தனை வருடம் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மடை திறந்த மாதிரி எல்லாம் வந்துவிட்டது. கம்பெனி மூடியது, ஜனவரியிலேயே விசா முடிந்தது, மே மாதம் புது கஃபீல் வருவார் என்பது, ஒரே மாதம் பெயரை வைத்திருந்தால் போதும் என்பது. சொல்லச் சொல்ல அவள் குரல் தெளிந்தது. மேசையைச் சுற்றி ஒருவர் "பாவம்" என்றார். சரவணகுமார் மட்டும் தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். ஹஸ்னைன் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

"பேட்டா" என்றார் ஹஸ்னைன். அந்த மேசையில் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "இதெல்லாம் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டதுதானே? உறுதியா உனக்குத் தெரியாது. அப்படித்தானே?"

அவர் கண்களை அவள் பார்த்தாள். அவர் தன்னை நம்பவில்லை என்று நினைத்தாள். முதல் பொய்யை எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள், இந்த உண்மையையும் நம்பாமல் போனால் நீலா பெயர் போய்விடும்.

"இல்ல சார். நானே பாத்தேன். வெள்ளிக்கிழமை போயிருந்தேன். சல்மாபாத்துல பெயின்ட் ஒர்க்‌ஷாப் மாடியில இருக்காங்க. பச்சைக் கதவு."

ஹஸ்னைன் மறுபடி பேனாவை எடுத்தார். பிறகு குனிந்து எழுதினார். ஒரு வார்த்தைகூட மாற்றாமல் எழுதினார். பேனா காகிதத்தில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பெயர் இருக்கட்டும்" என்றார் ஃபாதர் லோபோ. அவர் குரல் இப்போது தாழ்ந்திருந்தது. "நீக்க வேண்டாம்."

"இருக்கட்டும் ஃபாதர்" என்றார் சிஸ்டர் அனிசெட்டா. "ஆனால் பதிவாகிவிட்டது. இனிமேல் நமக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. நமக்கும் பள்ளி நடத்த அனுமதி தேவை."

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஹஸ்னைன், முறைப்படி என்ன செய்ய வேண்டுமோ, செய்யுங்கள்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சரவணகுமாரும் கையைத் தூக்கினார், கடைசியாக. சம்யுக்தாவுக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. ஜெயித்துவிட்டாள். மேசைக்கு அடியில் போனை எடுத்து நீலாவுக்கு அனுப்பினாள்: பேர் இருக்குடி.

உடனே பதில் வந்தது. என்ன சொன்னே?

கூட்டம் முடிந்து தாழ்வாரத்தில் வரும்போது ஹஸ்னைன் பின்னால் வந்தார். பதிவேட்டை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். அவளைப் பார்க்காமல், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நாளைக் காலை எட்டு மணிக்கு நான் இமிக்ரேஷன் ஆபீஸ்ல ஒரு காகிதம் கொண்டுபோய்க் கொடுக்கணும். அது என் வேலை. எனக்கும் மூணு பிள்ளைங்க இருக்கு. இப்போ மணி அஞ்சரை ஆகுது. புரியுதா பேட்டா?"

அவர் போய்விட்டார். அந்தக் காகிதத்தில் பச்சைக் கதவு இருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாயில் பிஸ்கட்டின் இனிப்பு இன்னும் இருந்தது. அவள் வாசலுக்கு ஓடினாள்.

அப்பா வாசலில் காரோடு நின்றார். ஏறி உட்கார்ந்து சொன்னாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். ரவிசங்கர் திட்டவில்லை. அவளிடமிருந்து போனை வாங்கி நீலாவின் நம்பரை அழுத்தினார். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சிக்னலில் அவர் திரும்பவில்லை. புழுதியில் முன்னால் போகிற வண்டியின் விளக்கு மட்டும் தெரிந்தது. போலீஸ் வண்டி ஒன்று பக்கத்தில் வந்து, அவர்களோடு சேர்ந்தே கொஞ்ச தூரம் ஓடி, பிரிந்து போயிற்று. அதுவரை அப்பா ஒரே வேகத்தில் ஓட்டினார்.

பச்சைக் கதவு திறந்து கிடந்தது. அப்பா போனில் சொன்னதும் அவர்கள் மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தார்கள். நீலாவின் அம்மா அகிலா ஆன்ட்டி குக்கரில் பாதி வெந்த சோற்றோடு மூடியைத் திருகி ஒரு பைக்குள் இறக்கினாள். சுரேஷ்குமார் அங்கிள் மெத்தையைச் சுருட்டினார். நீலா புத்தகங்களை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மன்னிச்சிடுடி" என்றாள் சம்யுக்தா. "பேரை வெட்டலை. அதுக்காகத்தான்..."

"தெரியும்."

"உதவி பண்றேன்னு சொன்னாங்க."

"தெரியும் சம்யு. தள்ளிக்கோ, அந்தப் பையை எடுக்கணும்."

கீழே ஒரு பிக்கப் வந்து நின்றது. ஏற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "எங்கே போறீங்க? நான் வந்து விட்டுட்டு வரேனே" என்றார் ரவிசங்கர். சுரேஷ்குமார் பதில் சொல்ல வாயெடுத்தார். அவர் பார்வை சம்யுக்தாவின் மேல் விழுந்தது. அவள் இன்னும் கழுத்தில் போட்டிருந்த பிரதிநிதி அட்டையில் நின்றது.

"அப்புறம் சொல்றேன் சார்" என்றார்.

நீலா முன்சீட்டில் அம்மாவின் மடியோடு ஒட்டி உட்கார்ந்தாள். கண்ணாடியை ஏற்றினாள். அது புழுதிக்காகத்தான் இருக்கும். பிக்கப் தெருமுனை வரை போவதற்குள்ளேயே மறைந்துவிட்டது.

அன்று இரவும் மறுநாளும் நீலாவின் போன் அணைந்தே கிடந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஜலஜா தூக்கைக் கழுவி மேல் அலமாரியில் வைத்தாள்.

வியாழக்கிழமை முதல் பீரியடில் டீச்சர் வருகைப் பதிவு எடுத்தார். ஆட்சிக்குழுவின் முடிவுப்படி பெயர் இருந்தது.

"நீலா சுரேஷ்குமார்."

வகுப்பே திரும்பி சம்யுக்தாவைப் பார்த்தது. டீச்சர் இன்னொரு முறை கூப்பிட்டார். அப்போது கதவு திறந்தது. சிஸ்டர் அனிசெட்டா நின்றார். அவருக்குப் பின்னால், தாழ்வார வெளிச்சத்தில், இரண்டு ஆட்களின் நிழல்.

"சம்யுக்தா, வெளியே வா. சல்மாபாத் அறை காலியாக இருக்கிறதாம்" என்றார் சிஸ்டர். "அவர்கள் எங்கே போனார்கள் என்று உனக்குத்தான் தெரியும் என்று சொல்லியிருக்கிறேன்."

சம்யுக்தா எழுந்தாள். தெரியாது என்பதுதான் உண்மை. நடந்து போகிற அந்தப் பத்தடியில், அந்த உண்மையைத் தன் முகம் இனி எப்படிச் சொல்லும் என்று அவளுக்கு விளங்கவில்லை.