மூன்றாவது ஆணி

மெல்ரோயின் வீட்டு முன்னறைச் சுவரில் மூன்று ஆணிகள். ஒன்றில் திருஇருதய ஆண்டவர். ஒன்றில் கலியாணப் படம். அதில் மெல்ரோய்க்குத் தலைமுடி இருந்தது. மூன்றாவதில் இரும்புக்கடைக் கலண்டர். வீட்டில் நடந்த போரெல்லாம் இந்த மூன்றாவது ஆணிக்காகத்தான்.

துறைமுகத்துக்குப் பக்கத்துக் கந்தோரில் இருபத்தொன்பது வருசம் ஊரார் சரக்குப் பத்திரங்களில் முத்திரை குத்திய மனிதர் அவர். ஐம்பத்து நாலு வயதில், தன் கையால் செய்த ஒரு பொருளாவது தன் வீட்டுச் சுவரில் தொங்கவேண்டும் என்று திடீரென ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. சமையல் தொங்காது, பாட்டும் தொங்காது. ஆகவே நீர்வர்ணம். போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினார். கொட்டாஞ்சேனையை விட்டு அசையாமலே உலகம் முழுக்க அவருக்குக் குருமார் சேர்ந்துவிட்டார்கள்.

செவில் நகரத்து ஸ்பெயின்காரர் ஒருவர் மூன்றே இழுப்பில் ஒரு தெருவை நிறுத்திவிட்டு, நாலாவது இழுப்புக்குப் பயப்படச் சொல்வார். கொரியாவில் ஒரு பெண் பேப்பரை முழுக்க நனைத்துப்போட்டு, மலையைத் தானாக ஊறவிடுவாள். லாகோஸில் ஒரு இளைஞன்: வெயிலை வரைய வேண்டுமென்றால் வெயிலைத் தொடாதே, நிழலை மட்டும் போடு. நோர்வேயில் ஒரு அம்மா, வெகு சாந்தமானவர்: பேப்பரின் ஈர மினுக்கம் போகுமட்டும் பொறுத்திரு, இரண்டு நிமிசம் போதும்.

கொட்டாஞ்சேனையில் நவம்பர் மாதத்தில் பேப்பரின் மினுக்கம் போக நாற்பது நிமிசம் எடுக்கும். மெல்ரோய் பொறுத்திருந்து, மேசையிலேயே நித்திரையாகி, கன்னத்தில் அரைவாசி வானத்தோடு எழும்பிய நாளும் உண்டு.

“நோர்வேக்காரி சொன்னா சாமம்வரைக்கும் இருப்பியள். நான் லைட் பில் கட்டச் சொன்னா மட்டும் காது கேளாது,” என்றாள் மனைவி மரியகொறற்றி. ஆனாலும் நியாயமான பெண். ஒப்பந்தத்தை அவளே போட்டாள்.

“புதுக் கலண்டரைக் கொழுவுமட்டும் எத்தினை படமெண்டாலும் கீறுங்கோ. பேர்ணடெற்றைக் கூப்பிட்டுக் காட்டுவன். என்ன படமெண்டு நாங்கள் வாய் திறக்கமாட்டம். ஒண்டையாவது அவ சரியாச் சொல்லிப்போட்டா ஆணி உங்களுக்கு. இல்லாட்டி இரும்புக்கடைக்கு.”

பேர்ணடெற் அடுத்த வீட்டுக்காரி. பொய் சொல்லத் தெரியாதவள். அதனாலேயே அந்த ஒழுங்கையில் பாதிப்பேர் அவளோடு கதைப்பதில்லை. முதல் படத்தைப் பார்த்து, “ஒட்டகச்சிவிங்கி வடிவாயிருக்கு, மெல்ரோய் அண்ணை,” என்றாள். அது துறைமுகத்துப் பாரந்தூக்கிகள். இரண்டாவதைக் கனநேரம் பார்த்து, “இது ஆரின்ர எக்ஸ்ரே?” என்றாள். அது லூசியா பேராலயத்தின் குவிமாடம். மூன்றாவதைப் பார்த்து, “ஏதோ வெளிநாடு. பனி கொட்டுது, பாவங்கள்,” என்றாள்.

அது ஜம்பட்டா வீதி. பகல் பன்னிரண்டு மணி.

எக்ஸ்ரேயைக்கூட மெல்ரோய் தாங்கிக்கொண்டார். பனிதான் சுட்டது. பிறந்து வளர்ந்த தெருவை வரையப் போய் நோர்வே அம்மாவின் வெளிச்சத்தை அல்லவா அதன் தலையில் கொட்டியிருக்கிறார். அன்றைக்குச் சோறு பாதிதான் இறங்கியது.

டிசெம்பர் கடைசி ஞாயிறு. புதுக் கலண்டர் வந்து, ரப்பர் பாண்ட் போட்டபடி ஃபிரிட்ஜ் மேலே சுருண்டு கிடந்தது. காலைப் பூசை முடிந்து வெயில் ஏறியதும் மெல்ரோய் பலகை, பேப்பர், வர்ணப்பெட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் கிளம்பினார். துணைக்கு ஷிப்லி. புறக்கோட்டையில் பேப்பர்க் கடை வைத்திருக்கும் சிநேகிதன். சித்திரம் பற்றி ஒன்றும் தெரியாது, சிரிக்கத் தெரியும்.

தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையிலுள்ள கருங்கல்லில் குந்தினார்கள். பகல் இரண்டு மணி, கண்ணைத் திறக்க ஏலாத வெயில். மெல்ரோய் இந்த முறை போனை வெளியே எடுக்கவில்லை; சார்ஜ் இல்லை என்பதும் ஒரு காரணம். பேப்பரை நனைத்தார். வானத்தை ஊறவிட்டார். கற்களின் நிழலை மட்டும் போட்டார். தண்டவாளத்தை மூன்று இழுப்பில் முடித்து, நாலாவது இழுப்புக்குப் போன கையைத் தன் மற்றக் கையாலேயே பிடித்து நிறுத்தினார். எழும்பிப் பார்த்தார். பரவாயில்லைப் போலிருந்தது. அந்த இடத்தில் ஒரு மனிதர் நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் நோர்வே அம்மா போன கிழமைதான் சொல்லித் தந்தார்: ஈரம் இருக்கும்போதே வர்ணத்தின்மேல் உப்பைத் தூவு, உப்பு தண்ணீரை உறிஞ்சி வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கும். அலை நுரைக்கு இதைவிட என்ன வேண்டும்? குசினியிலிருந்து சொல்லாமல் கிளப்பி வந்த உப்புப் போத்தலைத் திறந்து, கடல்மேல் தாராளமாகத் தூவினார்.

“மச்சான், உப்போட அரிசியும் உழுகுது,” என்றான் ஷிப்லி.

விழாமல் என்ன செய்யும்? கடற்காற்றில் மூன்றாம் நாளே உப்பு அழத் தொடங்கிவிடும். அதற்காக உப்புப் போத்தலில் ஒரு பிடி அரிசி போடாத குசினி கொழும்பில் இல்லை.

“அது எல்லா வீட்டிலயும் போடுறதுதானே,” என்றார் மெல்ரோய், குரல் இறங்கி.

“நோர்வேயிலயும் போடுறா?”

மெல்ரோய் பேப்பரின்மேல் குனிந்தார். நகத்தால் ஓர் அரிசியைக் கிளப்பப் பார்த்தார். கடலும் சேர்ந்து வந்தது. அந்த நேரம் பார்த்து பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் கூவிக்கொண்டு வர, திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு நிமிசம்தான்.

வெள்ளவத்தைக் காகத்துக்கு அரிசியைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஒன்று நேரே படத்தின்மேல் இறங்கியது. ஈரக் கல் நிழலில் காலை வைத்தது. ஒரு மணியைக் கொத்தியது, சுவை பார்த்தது, உப்பு கூடிவிட்டதாக நினைத்தோ என்னவோ தலையைச் சரித்து மெல்ரோயைப் பார்த்தது. பிறகு மாப்பிள்ளை வீட்டார்போல ஆறுதலாகக் கடற்கரை மணல் முழுக்க நடந்து, இருந்த மணிகளையெல்லாம் பொறுக்கத் தொடங்கியது.

“துரத்தடா.”

ஷிப்லியால் துரத்த ஏலவில்லை. சிரித்துச் சிரித்துக் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தான். மணி முடிந்ததும் காகம் தானாகவே பறந்தது.

த்ரீவீலில் திரும்பி வரும்போது படம் மெல்ரோயின் மடியில் இருந்தது. மணலில் ஏழு காகக் கால்தடங்கள். படத்தின் அளவுக்குப் பார்த்தால் அந்தக் காகம் ரயிலைவிடப் பெரிது. இனி வேறு படத்துக்கு நேரமும் இல்லை.

“காட்டாம விடு, மச்சான்,” என்றான் ஷிப்லி, இரக்கப்பட்டு.

“ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே.”

வீட்டு வாசலில் மரியகொறற்றி நின்றாள். “மத்தியானம் பேர்ணடெற்றிட்ட உப்பு இரந்து சொதி வச்சனான். போத்தல் எங்க?” மெல்ரோய் போத்தலை நீட்டினார். உப்புக் கொடுத்த பேர்ணடெற்றும் பின்னாலேயே வந்துவிட்டாள். தப்ப வழியில்லை. படத்தைக் கதிரையில் சாத்திவைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பேர்ணடெற் யோசிக்கவே இல்லை. “வெள்ளவத்தைக் கடல்,” என்றாள். “தண்டவாளத்துக்குக் கீழ. ரெண்டு மணிபோல. அம்மா, என்ன வெயில், கண்ணைக் குத்துது.”

மெல்ரோயின் கண் நேரே மூன்றாவது ஆணிக்குப் போனது. ஆனாலும் இருபத்தொன்பது வருசத்தில் கப்பலால் இறங்காத சரக்குக்கு அவர் முத்திரை குத்தியதில்லை. “உண்மையைச் சொல்லிப்போடுறன், தங்கச்சி. காகம் படத்தில நடந்தபடியாத்தான் உங்களுக்கு வெள்ளவத்தை எண்டு…”

“எங்க காகம்?” பேர்ணடெற் குனிந்தாள். “அட, ஓம். இப்பதான் கண்டனான்.”

பொய் சொல்லத் தெரியாதவள் சொன்னது. மெல்ரோய் கண்ணாடியைக் கழற்றி, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்தார்.

மரியகொறற்றி படத்தைத் தூக்கி மேசையில் வைத்தாள். கதிரையில் ஏறிப் பழைய கலண்டரைக் கழற்றினாள். புதியது குசினிக் கதவுக்குப் பின்னால் போகும் என்றாள். படத்தைத் தானே கொழுவினாள். ஒரு பக்கம் சரிந்தது, சரிந்தது நல்லது என்றாள்.

காகத்தின் கண்ணில் படாமல் அடிவானத்தில் ஒரே ஓர் அரிசி ஒட்டிக் கிடந்தது. மெல்ரோய் விரலை நீட்டினார்.

“விடுங்கோப்பா,” என்றாள் அவள். “அது கப்பல்.”

கப்பல் விசயத்தில் வீட்டில் அவருக்குத்தான் அதிகாரம். ஆனாலும் மறுக்கவில்லை.