பிடரியில் ஒரு முடிச்சு

என் கணவர் பெயிண்டர். அதிலும் சீலிங் அடிப்பதில் கெட்டிக்காரர். நாள் முழுக்க அண்ணாந்து பார்க்கிற வேலை. சொட்டுகிற பெயிண்ட் தொண்டை வழியாகச் சட்டைக்குள் இறங்காமல் இருக்கக் கழுத்தில் ஒரு துணிக்குட்டை கட்டுவார். நீலக் கட்டம் போட்டது. முக்கோணமாக மடித்து, அகலமான பக்கம் தொண்டையை மூட, முடிச்சு பிடரியில் விழ வேண்டும்.

அந்த முடிச்சு என் பொறுப்பு. காலையில் சமையலறை வாசலில் முக்காலியைப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். "மேஸ்திரி, கொஞ்சம் கட்டி விடுங்க" என்பார். எங்கள் வீட்டில் நான்தான் மேஸ்திரி. தோள் பிடித்துக்கொண்டிருக்கிறது, கை பின்னால் எட்டவில்லை என்பது அவர் சொன்ன காரணம். கட்டி முடித்ததும் தவறாமல் "இறுக்குது" என்பார். அவிழ்த்து, தளர்த்தி, மறுபடியும் கட்டுவேன். அடுப்பில் பால் பொங்கினாலும் இது நடந்தாக வேண்டும்.

தெருவில் போனால் அவர் கண் ஆட்களின் முகத்துக்குப் போகாது, கழுத்துக்குத்தான் போகும். காலர் அழுக்காகாமல் குட்டையை உள்ளே செருகியிருக்கும் பஸ் கண்டக்டர், துவைக்கிற பெண்டாட்டிக்குப் பயந்தவர். முடிச்சைப் பக்கவாட்டில் தள்ளி நுனி பறக்கப் போகும் இளவட்டத்துக்கு இன்னும் எந்தப் பெண்ணும் சரி சொல்லவில்லை என்பார். இறைச்சிக் கடைக்காரர் கழுத்தில் தொங்கும் குட்டையாலேயே முகம், கத்தி, தராசு எல்லாம் துடைப்பதைப் பார்த்துவிட்டு, இனி அந்தக் கடைப்பக்கம் தலைவைக்க மாட்டேன் என்றார். மறுவாரம் அங்கேயே வாங்கி வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

கட்டிலில் கிடத்தி, சலவைச் சட்டை போட்டுவிட்டார்கள். கழுத்து மட்டும் வெறுமையாக, குட்டை மறைத்த இடம் வெளுத்துப்போய், வேறு யாரோ போலிருந்தார். குட்டை இல்லாமல் அவரை அனுப்ப மாட்டேன் என்றேன். இந்த நேரத்தில் கறை பிடித்த துணி எதற்கு என்று கொழுந்தனார் மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரே எடுத்து முன்பக்கமாக முடிச்சுப் போட்டார். என் கணவர் பேண்டு வாசிக்கப் புறப்பட்டவர் போல ஆகிவிட்டார். அவிழ்க்கச் சொல்லிவிட்டு, நானே குனிந்து கட்டிப் பார்த்தேன். பின்னாலிருந்து பழகிய கைக்கு முன்னாலிருந்து ஒன்றுமே புரியவில்லை. வாசலில் வண்டி வந்து நின்றது.

அப்போது ஏணி முன்னால் வந்தார். அவரோடு சேர்ந்து வேலை செய்த கூட்டாளி. உயரத்தால் வந்த பெயர்.

"நான் கட்டுறேன் அண்ணி. அண்ணன் கட்டுறது எப்படின்னு எனக்குத் தெரியும்."

"அவர் எங்க கட்டினாரு? நான்தானே கட்டி விடுவேன். அவருக்குத்தான் கை எட்டாதே."

ஏணி கொழுந்தனாரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"மத்தியானம் சாப்பிடும்போது அவுத்து வைப்பாரு அண்ணி. அப்புறம் அவரேதான் கட்டிக்குவாரு. பேசிக்கிட்டே இருப்பாரு, முடிச்சு விழுந்திருக்கும். எங்களுக்குக் கத்துக் குடுத்ததே அவருதான்."

"கை எட்டுமா?"

"முதுகே சொறிஞ்சுக்குவாரு அண்ணி."

அந்தத் தோளுக்காக நான் தைலம் வாங்கி, தினமும் அழுத்தித் தேய்த்திருக்கிறேன். அந்த வாடையே அவருக்கு ஆகாது. மூக்கைச் சுருக்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பார். அப்படிக் கட்டிக்காத்திருக்கிறார் மனுஷன், அந்தப் பொய்யை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. கொழுந்தனார் பயந்துபோய், யாரையோ தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

குட்டையை எடுத்துக்கொண்டு கட்டிலின் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஏணியும் கொழுந்தனாரும் அவர் தோள்களைத் தூக்கிப் பிடித்தார்கள். முதுகு என் பக்கம் வந்ததும் விரல்களுக்கு வழி தெரிந்துவிட்டது. முக்கோணம் தொண்டையில் படிந்தது.

"சரியா இருக்கு அண்ணி. படுக்க வச்சிரலாமா?" என்றார் ஏணி.

"இருங்க தம்பி, இறுக்குது" என்று சொல்லி, அவிழ்த்து, தளர்த்தி, மறுபடியும் கட்டினேன்.